இரவல் மூக்கு

சுங்கை தீமாவின் சீனக்கோயில் அம்மாவுக்குத் தலை கிடையாது என்பதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்குத் தலை மட்டும்தான் உண்டு, உடம்பு கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் ஒரு தலையும் இந்தப் பக்கம் ஓர் உடம்பும் இருந்து ஊரைப் பார்த்துக்கொள்கின்றன, அது போதும் என்று சீனர்களும் தமிழர்களும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தோம். மழை வேண்டுமென்றால் தலையிடமும் பிள்ளை வேண்டுமென்றால் உடம்பிடமும் போய்க் கேட்டோம், இரண்டும் கிடைத்த வருஷங்களும் உண்டு.

அந்த உடம்பு வந்த கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். சீன தேசத்தில் ஏதோ ஒரு மலைக்குகையில் ஆயிரம் வருஷமாக உட்கார்ந்திருந்த குவான் யின் அம்மாவை, ஒரு மழைக்காலத்தில், மேல்நாட்டு வியாபாரி ஒருவன் அனுப்பிய ஆட்கள் வந்து கழுத்தில் ரம்பம் வைத்து அறுத்தார்கள். தலையை வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உடம்பு கனம், அதை யார் தூக்குவது என்று போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மலையடிவாரத்து ஜனங்கள் ஈயம் தோண்ட மலாயாவுக்குக் கப்பலேறியபோது, தலையைப் பறிகொடுத்தவளைத் தனியாக விட்டுவர மனசு இல்லாமல், உடம்பைப் படுதாவில் சுற்றி, கப்பல்காரன் கேட்டதற்கு இது எங்கள் அத்தை, சீக்காளி, வெளிச்சம் ஆகாது என்று சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மடியில் ஒரு கை, தூக்கினபடி ஒரு கை, கழுத்தில் ரம்பம் போன ஏழு பள்ளம். அந்த ஏழு பள்ளமும் என் விரலுக்குத் தெரியும், ஏனென்றால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, என் அம்மாவுக்குப் பதிலாக அந்தக் கோயிலைக் கூட்ட வந்த நாளிலிருந்து, சீன மாதத்தின் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் பம்பளிமாஸ் இலை ஊறிய தண்ணீரில் அந்த உடம்பைக் குளிப்பாட்டுகிறவள் நான்தான். குளிப்பாட்ட வேறு ஒரு கை அதன்மேல் பட்டதில்லை.

அந்தக் கழுத்துக்கு ஒரு வேலை இருந்தது. ஊரில் யாருக்கு யார்மேல் வயிறு எரிந்தாலும், அவர்கள் ஒன்றாம் தேதியோ பதினைந்தாம் தேதியோ கோயிலுக்கு வந்து, இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்து, கழுத்தின் வெட்டுவாய்மேல் வைத்து, அதற்குள் வாயை வைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். காது இல்லாதவள் கேட்கமாட்டாள், வாய் இல்லாதவள் வெளியே விடமாட்டாள் என்பது கணக்கு. சொல்லிவிட்டால் ஒரு பதினைந்து நாளைக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். அந்த ஆளைக் கடைத்தெருவில் பார்த்தால் சிரிக்க முடியும். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் எங்கள் ஊர் தொண்ணூறு வருஷம் ஓடியது அந்தக் கழுத்தினால்தான் என்று இப்போதும் நான் நினைக்கிறேன்.

நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது எப்போதும் ஒரே ஆளைப் பற்றி, ஒரே விஷயம். கோயிலை ஒட்டி கோப்பிக்கடை வைத்திருக்கும் சியூ லான், கோயில் பெண்கள் குழுவுக்குத் தலைவி, என்னைவிட இரண்டு வயசு மூத்தவள், தோட்டத்துத் தமிழர் லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறவள். எனக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதம் அவள்தான். மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அவளும் அவள் வீட்டுக்காரர் ஆ கியோங்கும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எறா வைத்த நாட்களில் ஆ கியோங் ஒரு வார்த்தை பேசாமல், தன் சோற்றைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு எறாவாக எடுத்து ஓடு உரித்து, நடு முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துப்போட்டு, சியூ லானின் கிண்ணத்தில் வைப்பார். அவள் அதைப் பார்க்கக்கூட மாட்டாள், ரேடியோவைக் கேட்டுக்கொண்டே எடுத்துத் தின்பாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த இருபத்தொரு வருஷமும் தன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிட்டவர் இல்லை, என் தட்டையா பார்த்திருக்கப்போகிறார். நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து என் எறாவை நானே உரித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கழுத்தைத் துடைத்த பிறகு, இன்றைக்கும் உரித்து வைத்தார், அவள் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

தலை திரும்பி வருவதற்கு நானே காரணம் ஆனேன் என்பதுதான் இதில் மோசம். கோயில் குழுத் தலைவரான முதலாளி, நாங்கள் பெரிய தவுக்கே என்று கூப்பிடுகிறவர், முப்பது வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், தலை ஒரு குளிர்தேசத்துப் பட்டணத்தின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். அவர்கள் முப்பது வருஷமாக ஒரே பதில் எழுதினார்கள், அந்தத் தலை உங்கள் உடம்பினுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று. ஒரு நாள் அவர் கோயில் வாசலில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுததைப் பார்த்து மனசு பொறுக்காமல், நான் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்து, உப்புப் போட்டு இறுக்கமாகப் பிசைந்து, கழுத்தின்மேல் வைத்து அழுத்தி, ஏழு பள்ளமும் விழும்படி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் மறுபடி மாவை அழுத்திக் கழுத்தைப்போலவே ஒன்று செய்து கொடுத்தேன். சியூ லான் கடைக் கரியடுப்பில் அதை இரண்டு நாள் காயவைத்து, பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அனுப்பினோம். அங்கே அதன்மேல் தலையைத் தூக்கி வைத்தபோது, பானைமேல் அதன் மூடி உட்கார்ந்ததுபோல உட்கார்ந்துவிட்டதாம். அதற்குமேல் தலையை அனுப்பாமல் அவர்களுக்கு வழி இல்லை.

தலை வந்த அன்றைக்கு ரயில் நிலையத்திலிருந்து கோயில்வரை ஜனம். சிங்க நடனம், மேளம், எங்கள் பக்கத்திலிருந்து நாதஸ்வரமும். பெட்டியோடு கூடவே அருங்காட்சியகத்து வெள்ளைக்காரம்மா ஒருத்தியும் வந்திருந்தாள், மெலிந்தவள், வெயிலில் மூக்கு நுனி சிவந்துபோனவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காலத்தில் மாதத்துக்கு இரண்டு முறை தலையின் காது இரண்டும் வியர்க்கும் என்றும், அதற்காகக் குளிர்சாதனத்தை எட்டு முறை மாற்றிப் பார்த்தார்கள் என்றும் அவள் பெரிய தவுக்கேயிடம் சொன்னாள். எந்தத் தேதிகள் என்று அவர் கேட்டார். அவள் சொன்ன தேதிகளைச் சீன மாதத்தில் அவர் எண்ணிப் பார்த்தால் எல்லாம் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியுமாக இருந்தன.

பெட்டியைத் திறந்தார்கள். நான் முப்பத்தெட்டு வருஷம் குளிப்பாட்டிய உடம்புக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் சிரிப்பு, கன்னம் இரண்டும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்ததுபோல. மூக்கு மட்டும் சேரவில்லை. ரம்பம் வைத்தபோது உடைந்துபோன மூக்குக்குப் பதிலாக, அந்தக் குளிர்தேசத்துச் சிற்பி ஒருவன் தன் ஊர் அழகுப்படி, நெற்றியிலிருந்து நேராக இறங்குகிற உயரமான மூக்கு ஒன்றைச் சுண்ணாம்பில் செய்து ஒட்டியிருந்தான். ஜனங்கள் பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள், மேல்நாட்டில் அத்தனை வருஷம் இருந்தவள் ஒரு மூக்காவது வாங்கிவராமல் எப்படி வருவாள் என்று சியூ லான் சொன்னதும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. போட்ட மாலையெல்லாம் தலைக்குத்தான். உடம்பு பழைய சேலை கட்டின மூத்தாள்போல ஓரமாக உட்கார்ந்திருந்தது, எனக்கு அந்தத் தலைமேல் ஆத்திரமாக வந்தது.

தலையை உடம்போடு சேர்த்ததும், பூசாரி வழக்கப்படி சிவப்புக் குழம்பில் தூரிகையைத் தொட்டு அம்மாவின் இரண்டு கண்ணிலும் புள்ளி வைத்துக் கண் திறந்தார். முதல் ஊதுபத்தியோடு பெரிய தவுக்கே முன்னால் போய் நின்றார். அம்மாவின் முகம் மெதுவாக, மாவு இளகுவதுபோல இளகி, அவருடைய தம்பி சின்ன தவுக்கேயின் முகமாக ஆயிற்று. வாய் லேசாகத் திறந்து, எழுபது வயசிலும் விழாத சின்ன தவுக்கேயின் பல்வரிசை தெரிந்தது. பெரிய தவுக்கே தன் கட்டிய பல்லை நாக்கால் ஒருமுறை தள்ளிக்கொண்டார். மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. அவர் வணங்கிவிட்டு நகர்ந்ததும் முகம் பழையபடி அம்மாவாயிற்று. அடுத்து மருந்துக்கடைக்காரர் வந்தார், முகம் எதிர்க்கடைக்காரராக ஆனது. அதற்கடுத்து வந்த புது மருமகளுக்கு ஓரகத்தியின் முகம். நாலாவது ஆள் வரிசையிலிருந்து விலகி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

கழுத்தில் சொன்னதெல்லாம் காதுக்குப் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது என்பது அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க விளங்கிவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதற்காக ஊரைவிட்டு ஓடவில்லை. ஏனென்றால் யார் முகம் வந்தாலும் அந்த உயரமான மூக்கோடுதான் வந்தது. பெரிய தவுக்கேதான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார். "என் தம்பிக்கு இந்த மூக்கா இருக்கு? மூக்கு வேற," என்றார் அவர். ஜனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. யார் முகமாவது வந்து பக்கத்தில் இருப்பவர் உற்றுப் பார்த்தால், மூக்கு வேற என்று சொல்லிவிட்டு ஊதுபத்தியை நட்டுவிட்டு நடந்துவிடலாம். கடைத்தெருவில், மீன் தராசில், கல்யாணப் பேச்சில்கூட அந்த வார்த்தை புழங்கியது. பெண் பார்க்க வந்த ஒரு மாமியார்க்காரி, பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய் அம்மா முன்னால் நிறுத்தி, வந்த முகம் யாருடையது என்று பார்த்துவிட்டு, மூக்கு வேற, அதனால் பரவாயில்லை என்று தட்டு மாற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் வேறொரு பழக்கமும் வந்தது. யார் முகம் எத்தனை தடவை வந்தது என்று பார்த்து, அதிகம் வந்தவர்கள் தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். அதில் எல்லாரையும் மிஞ்சியவன் லாட்டரிச் சீட்டு விற்கிற மருதமுத்து. ஒரு கால் இழுத்து நடக்கிறவன், குடும்பம் கிடையாது, மத்தியானம் ஆனால் கோயில் முன்னால் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் அட்டையை விரித்து அப்படித் தூங்குவான், லாரி போனாலும் புரளமாட்டான். மாத்திரை போட்டும் தூக்கம் வராத தவுக்கேமார்கள், வாத்தியார்கள், மளிகைக்கடைக்காரர்கள் வந்து நிற்க நிற்க அவன் முகமே வந்தது. விஷயத்தைச் சொல்லி அவனையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மாவின் முகம் அசையவே இல்லை, அம்மாவாகவே இருந்தது. அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லைபோல என்று சொல்லிவிட்டு அவன் மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் முகம் இன்னும் அதிகமாக வந்தது. என் முகம் ஒரே ஒரு தடவைகூட வரவில்லை. பெருக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், ஒரு நாள்கூட வரவில்லை.

எனக்கு யார் முகம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை, முதல் பதினைந்தாம் தேதியே அது உறுதியாயிற்று. ஈரத்துணியோடு முன்னால் போனேன், முகம் இளகியது, சியூ லான் என்னைப் பார்த்தாள், உயரமான மூக்கோடு. நிஜமான சியூ லான் நாலு அடி தள்ளி எண்ணெய் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டு நின்றாள். நான் துணியை அப்படியே முகத்தின்மேல் போட்டு மூடினேன். அதன் பிறகு அம்மாவைப் பின்பக்கம் நின்றே குளிப்பாட்டினேன், கையை முன்னால் விட்டுத் தடவித் தடவி முகம் கழுவினேன், கேட்டவர்களிடம் தெய்வத்துக்கு நேரே நின்று மூச்சு விடக்கூடாது என்று சொன்னேன். இந்தப் பாக்கியத்துக்கு எவ்வளவு பக்தி என்று சீனப் பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். சியூ லான் மட்டும் ஒருமுறை, முதுகை மட்டும் தேய்க்கிறியே, அவள் என்ன எருமையா என்று கேட்டாள்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டால், மத்தியானத்தில் அந்த மேசையில் நான் உட்கார முடியாது. எதிரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் தன் சோற்றைப் பார்த்து எரிந்தவளுக்கு யார் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். அந்த மேசை போனால் எனக்கு உட்கார வேறு மேசை கிடையாது.

மூக்கை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பியது சின்ன தவுக்கே. அம்மாவின் முகத்தில் மேல்நாட்டான் ஒட்டின சுண்ணாம்பு எதற்கு, திருடினவன் ஊர் அடையாளத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும், நம் குகைச் சிற்பி செதுக்கினது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு போதும் என்று குழுவில் எழுந்து நின்று ரொம்ப நன்றாகத்தான் பேசினார். ஆனால் அண்ணனுக்குத் தன்மேல் இருக்கிற எரிச்சலைத் தன் சொந்த மூக்கோடு சேர்த்து ஊர் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை என்று எல்லாருக்கும் தெரிந்தது. பெரிய தவுக்கேயோ, எண்பது தொண்ணூறு வருஷம் அம்மாவோடு இருந்த மூக்கு அவளுடைய மூக்குதான், நாம் மட்டும் இந்த ஊருக்கு வந்து சட்டை பேண்ட் போடவில்லையா என்று கேட்டார். குழு சரிபாதியாகப் பிரிந்தது. முகமாக வந்தவர்கள் எல்லாரும் மூக்கை எடு என்றார்கள், முன்னால் போய் நின்றவர்கள் எல்லாரும் மூக்கு இருக்கட்டும் என்றார்கள். மிச்சம் இருந்தது பெண்கள் குழுவின் ஓட்டு ஒன்று. அது சியூ லானிடம் இருந்தது. அவள் இதுவரை அம்மா முன்னால் நேராக நின்றதே இல்லை. கடையில் வேலை என்று சொல்லிப் பக்கக் கதவாலேயே வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் அவளிடம் மூக்கைப் பற்றிப் பேசினேன். அந்த மூக்கு அம்மாவுக்கு எவ்வளவு களையாக இருக்கிறது என்றேன், உளி பட்டு முகத்தில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்றேன், அந்த வெள்ளைக்காரம்மாவின் மனசு நோகும் என்றும் சொன்னேன்.

சியூ லான் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "உனக்கு எதுக்கு அவ மூக்கு மேல இவ்ளோ அக்கறை?"

"பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு அக்கா."

"பின்னாடி நின்னு குளிப்பாட்டுறவளுக்கு மூக்கு என்னா பழக்கம்லா," என்றாள் அவள். பிறகு ஆ கியோங் வைத்த எறாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அது அவ மூக்கு இல்ல பாக்கியம். இத்தனை வருஷம் இன்னொருத்தர் மூக்கை வெச்சுக்கிட்டு மூச்சு விட்டிருக்கா. எடுத்துடட்டும்," என்றாள். அப்படித்தான் ஓட்டும் போட்டாள்.

சீன ஆறாம் மாதம் பத்தொன்பதாம் தேதி, குவான் யின் அம்மாவின் நாள், காலையில் கல்லறைக் கல் கொத்துகிற பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் சின்ன உளியும் சின்னச் சுத்தியும் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளரிக்காய் சீவுகிற நேரத்தில் அந்தச் சுண்ணாம்பு மூக்கை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். அடியில் உடைந்த கல்லின் சொரசொரப்பு மட்டும் இருந்தது. மூக்கு போனதும் அந்த முகம் இன்னும் தூக்கக் கலக்கமாக, இன்னும் நம்மவள்போல ஆனது. தட்டில் கிடந்த மூக்கை என்ன செய்வது என்று தெரியாமல், வெள்ளைக்காரம்மாவுக்கே அனுப்பிவிடலாம் என்று அதே பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்கள்.

உளி பட்ட விக்ரகத்தை உடனே குளிப்பாட்ட வேண்டும் என்பது அங்கே முறை, அதுவும் முன்னால் நின்று, முகத்திலிருந்து தொடங்கி, எல்லாரும் பார்க்க. அது நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இரண்டு நாளைக்கு முன்பே எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன், நெற்றியில் பற்றும் போட்டுக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் இடத்துக்குப் பெரிய தவுக்கேயின் மருமகள் மெய் யீயை ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் புது பிளாஸ்டிக் வாளியில் பம்பளிமாஸ் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் மஞ்சள் ரப்பர் உறை போட்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் என் காய்ச்சல் பொய் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழு பள்ளத்தில் ஒன்றுகூட எங்கே இருக்கிறதென்று தெரியாத கை. தூக்கின கையின் சுண்டுவிரலில் விரிசல் இருக்கிறது, அங்கே அழுத்தக்கூடாது என்று தெரியாத கை. அது ரப்பர் போட்டுக்கொண்டு அவள்மேல் படப்போகிறது என்று நினைத்தபோது, இடுப்பிலிருந்து தொண்டைவரை பற்றிக்கொண்டு எரிந்தது. சியூ லான் பார்ப்பாளே என்ற நினைப்பு வந்தது, வந்ததோடு சரி, அது எரிகிறதற்கு முன்னால் நிற்கவில்லை. எழுந்துபோய் மெய் யீயின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினேன். தண்ணீர் அவள் பாவாடையில் கொட்டியது. அவள் மாமனார் என்னவோ சொன்னார். நான் போய் அம்மாவுக்கு நேரே நின்றேன்.

முகம் இளகியது. சியூ லான் வந்தாள். தட்டை மூக்கு, சின்ன வயசில் பட்டாசு தெறித்து மூக்கோரம் விழுந்த தழும்பு, மேலுதட்டு மச்சம், எல்லாம் அப்படியே வந்தது. மேளம் நின்றுவிட்டது. நூறு பேர் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி விளக்கடியில் நின்றிருந்த சியூ லானைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மூக்கு வேற என்று யாரும் சொல்லவில்லை.

குளிப்பாட்டத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. நான் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியைத் துடைத்தேன், கன்னத்தைத் துடைத்தேன், மூக்கின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூசியை விரலால் எடுத்தேன், காதுக்குப் பின்னால் கழுவினேன், தழும்பின்மேல் மெதுவாக ஒற்றினேன். அவள் கண்ணை மூடவில்லை. சிநேகிதியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்து அவ்வளவு நேரம் நான் தொட்டதே இல்லை. கழுத்துக்கு இறங்கி, தோளுக்கு இறங்கி, பாதம்வரை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது விளக்கடியில் சியூ லான் இல்லை.

துணியைப் பிழிய எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கோயில் காலியான பிறகு கடையின் பின்பக்கம் போனேன். அவள் குழாயடியில் குந்தி கோப்பிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"என்கிட்ட என்னா இருக்கு?" என்று கேட்டாள். "கடை வாடகைக் கடை. முட்டி ரெண்டும் போச்சு. பிள்ளைங்க சிங்கப்பூர்ல, புதுவருசத்துக்கு வருதுங்க, ரெண்டு நாள்ல போயிருதுங்க. அப்படி என்னா இருக்கு என்கிட்ட?"

"எறா," என்றேன்.

"எறாவா?"

"ஆ கியோங் அண்ணன் உரிச்சு உன் கிண்ணத்துல வெக்கிறாரே. அது."

அவள் இரண்டு குவளை கழுவினாள். "அந்த ஆள் பூனைக்கும்தான் உரிச்சுப் போடுறார்."

"தெரியும். பூனை மேலயும் எரிஞ்சிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கையிலிருந்த குவளை நழுவி அதன் காது உடைந்தது. உடைந்த துண்டைத் தேடி எடுத்துக்கொண்டே எத்தனை வருஷமாக என்று கேட்டாள். இருபத்தாறு என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமும் ஒவ்வொரு நாளும் எதிரில் உட்கார்ந்தவள் நான் என்று அவள் எண்ணிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே அவள் கழுவின குவளையையே மறுபடியும் கழுவினாள்.

பிறகு அவள் சொன்னாள்: "ஒன்னாந்தேதி நீயே வந்து குளிப்பாட்டு. அந்தப் பொண்ணு ரப்பர் போட்டுத் தேய்க்கிறதை எனக்கும் பார்க்க முடியல. ஆனா கதவைச் சாத்திக்க. என் மூஞ்சிய ஊரே பார்க்க வேணாம்."

"மத்தியானம்?"

"மத்தியானம் என்னா, சோறு திங்க வரமாட்டியா?" என்றாள் அவள் எரிச்சலாக.

அதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது, வேலை இருக்கிறது, மேசை இருக்கிறது. ஆனாலும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "நீயும் ஒரு தடவை நில்லு அக்கா," என்றேன். "என்னோடது உனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னோடது எனக்குத் தெரிய வேணாமா?"

சியூ லான் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கழுவின குவளைகளைக் கவிழ்த்து அடுக்கியபடியே, ஒரு பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னாள்.

"நான் நின்னா நீ பார்ப்ப. பார்த்தா அது யாருன்னு தெரிஞ்சுரும். அப்புறம் உனக்கு ரெண்டு பேர் மேல எரியும். ஒன்னு போதும் உனக்கு."

மூன்று வருஷம் ஆகிறது. அவள் இன்னும் நிற்கவில்லை, பக்கக் கதவால் வந்து, குனிந்த தலை நிமிராமல் ஊதுபத்தி வைத்துவிட்டுப் போகிறாள். ஊரில் இப்போது பாதிப்பேர் அப்படித்தான் கும்பிடுகிறார்கள், மீதிப்பேர் நேராக நின்று, வருகிற முகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெளியே அந்த ஆளைப் பார்த்தால் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பெரிய தவுக்கேயும் சின்ன தவுக்கேயும்கூட ஒரே ரிக்‌ஷாவில் வருகிறார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. இந்த ஊரில் யாரோ ஒருவர், சியூ லான் ஆசைப்படுகிற எதையோ கையில் வைத்துக்கொண்டு, அது தன்னிடம் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார். மீன்காரியாக இருக்கலாம், தபால்காரனாக இருக்கலாம், ஒரு நாற்பது பேர்மேலாவது எனக்குச் சந்தேகம் வந்து போயிருக்கிறது. சில நாள் அது நானாகவே இருக்கலாம் என்று தோன்றும். அன்றைக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு போய் அவள் கடையில் நிமிர்ந்து உட்காருவேன். அவள் எப்போதும்போல என் முகத்தைப் பார்க்காமலே கோப்பியை முன்னால் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவாள். அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.